ஊருக்குப் போனால் மருதாணியை இலையாக வாங்குங்கள்

ஊரில் இறங்கிய முதல் வாரத்திலேயே, தலைக்குச் சாயமாகப் பூச மருதாணி சேர்க்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். புடவை, தைக்கக் கொடுத்த ரவிக்கை, சொந்தக்காரர் வீட்டு விருந்து எல்லாம் முடிந்து, விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஓடிப்போய் நான்கு பாக்கெட் பொடி வாங்குவதுதான் வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலருடைய வழக்கம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு முறை பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையொன்றில் ‘கருப்பு மருதாணி’ என்று வாங்கியதை மெல்பர்னுக்குக் கொண்டுவந்து தலையில் பூசினேன். அரை மணி நேரத்தில் முடி மைபோலக் கறுத்தது. மறுநாள் காலையில் நெற்றியோரமும் காதுமடலும் சிவந்து வீங்கியிருந்தன.

மருதாணி இலையில் உள்ள சாயப்பொருளின் பெயர் லாசோன். அது தருவது ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம், அவ்வளவுதான். வெறும் மருதாணியால் எந்த முடியையும் கறுப்பாக்க முடியாது. அரை மணியில் கறுப்பாக்கும் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது பிபிடி என்று சொல்லப்படும் பாரா பினைலீன் டையமின் என்ற செயற்கைச் சாய ரசாயனம். சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தரும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுசுக்கும் விடாது. செம்மையைக் கூட்டிக் காட்ட சோடியம் பிக்ரமேட் என்ற செயற்கைச் சாயத்தைச் சேர்ப்பதும் உண்டு. ஆகவே பாக்கெட்டின் முகப்பில் ‘இயற்கை’ என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, சேர்மானப் பட்டியலில் மருதாணியின் தாவரவியல் பெயரான லாசோனியா இனெர்மிஸ் என்ற ஒரே பெயர் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இலையாக வாங்கினால் இந்தச் சந்தேகமே வேண்டாம். ஊர்ப்பக்கம் இன்னும் வேலியோரத்திலும் கொல்லையிலும் மருதாணி நிற்கிறது. இலங்கையில் மருதோன்றி என்று கேளுங்கள். ஆடி மாதம் கைக்கு வைப்பதற்காகப் பூக்காரம்மாக்களே இலையைக் கொண்டுவந்து விற்பார்கள். மற்ற மாதங்களில் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைத்தால் பறித்து வந்து தருவார்கள். ஒரு கிலோ பச்சை இலை காய்ந்தால் கால் கிலோ அளவுக்குத்தான் தேறும் என்பதால் தாராளமாகவே சொல்லுங்கள்.

பச்சை இலையை அரைத்து அப்படியே தலைக்கு வைக்கலாம்தான். ஆனால் திப்பி முடிக்குள் சிக்கிக்கொண்டால் அலசி எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். கைக்குப் பச்சை விழுது, தலைக்குப் பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்பும் காயும் நீக்கி, இலையைத் தண்ணீரில் அலசி, வேட்டித் துணியில் பரப்பி நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் பச்சை வெளுத்துப் பழுப்பாகிவிடும், சாயமும் குறையும். காற்றோட்டமான இடமாக இருந்தால் நான்கைந்து நாளில் கையால் நொறுக்கும் பதத்துக்கு வந்துவிடும். அப்புறம் மிக்ஸியில் அரைத்து மெல்லிய துணியில் சலியுங்கள். சித்த மருத்துவத்தில் இதை வஸ்திரகாயம் செய்வது என்பார்கள். இந்த வேலையில் சோம்பல் படக் கூடாது. பொடி எவ்வளவு நைசோ, அலசுவது அவ்வளவு சுலபம். மில்லில் கொடுப்பதாக இருந்தால் சீயக்காய் அரைத்த பிறகு அரைக்கச் சொல்லுங்கள். மிளகாய் அரைத்த கையோடு அரைத்துவிட்டால் உச்சந்தலை பற்றி எரியும்.

இலை கிடைக்கவில்லை, நாளும் இல்லை என்றால் நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டித் தெருவில் அந்தக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மயிலாப்பூர்க்காரர்களுக்கு டப்பா செட்டி கடை. பொடியாக எடுக்காமல் காய்ந்த இலையாகக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பொடிதான் என்றால் ராஜஸ்தானின் சோஜத்திலிருந்து வருவது நல்ல சரக்கு. 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது அது. வாங்கியதும் ஒரு சிட்டிகையை டம்ளர் தண்ணீரில் தூவிப் பாருங்கள். போட்ட கணமே தண்ணீர் பளிச்சென்று பச்சையாக மாறினால் சாயம் கலந்திருக்கிறது. அடியில் நறநறவென்று தங்கினால் மண். நல்ல பொடியில் வைக்கோலும் கீரையும் கலந்தாற்போல ஒரு வாசனை வரும்.

கலப்பது பெரிய வித்தை இல்லை. தோள்வரை முடிக்குச் சுமார் 200 கிராம் பொடி, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழச் சாறு. கொதிக்கும் நீர் வேண்டாம். இரும்புச் சட்டியில் ஊற வைத்தால் நிறம் சற்று அடர்ந்து வரும். நம் ஊர் வெக்கையில் ஐந்தாறு மணி நேரம் போதும், குளிர் நாட்டில் ராத்திரி முழுக்க ஊறட்டும். உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் ஆரஞ்சாகப் பற்றினால் பதம் வந்துவிட்டது. முட்டை, தயிர் எல்லாம் நிறத்துக்கு உதவுவதில்லை. இரண்டு மூன்று மணி நேரம் வைத்து அலசுங்கள். நரைமுடி முதலில் ஆரஞ்சாகத் தெரியும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் அடங்கிச் செம்பழுப்பாகும். கறுப்புதான் வேண்டும் என்றால் மருதாணியை அலசிய பிறகு அவுரி இலைப் பொடியை வெறும் தண்ணீரில் குழைத்து, கால் மணியில் பூசிவிடுங்கள். அதற்கு எலுமிச்சை சேர்க்கக் கூடாது. எதுவானாலும் முதல் முறை முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மருதாணியே வைக்கக் கூடாது, இரத்த அணுக்கள் உடையும்.

பெட்டி கட்டும்போது பொடியைக் கைப்பையில் வைக்காதீர்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடிகளைத் தனியாகச் சோதிப்பார்கள். பெரிய பெட்டியில், இரட்டை உறையில், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதி வையுங்கள். கடைப் பொடி என்றால் பிரிக்காமல், ரசீதோடு. பச்சை இலையைக் கொண்டுபோக ஆசைப்படவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இறங்குகிறவர்கள் பயணியர் அட்டையில் தாவரப் பொருள் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். அறிவித்த பொருளை அதிகாரி பார்த்துவிட்டு விடுவார், அல்லது எடுத்துக்கொள்வார்; மறைத்தால் அபராதம். வீடு சேர்ந்ததும் பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த ஊர்ப் பயணம்வரை பச்சை மாறாமல் இருக்கும்.