சொந்த ஸ்மார்ட் பாயிண்டரில் மெத்தட் அழைக்க

வேலூர், காட்பாடி வட்டாரத்தில் ரஸ்ட் நிரல்மொழி பயிலும் மாணவர்கள், தாம் உருவாக்கிய ஸ்மார்ட் பாயிண்டருக்கு (ஒரு மதிப்பைச் சுட்டி நிர்வகிக்கும் வகை) டீரெஃப் டிரெய்ட்டை (சுட்டப்படும் மதிப்பை அணுக வழிசெய்யும் இடைமுகம்) எழுதிய பிறகும், அந்தப் பாயிண்டரையே மெத்தடின் முதல் அளவுருவான செல்ஃபின் வகையாகக் குறித்தால் கம்பைலர் ஏன் மறுக்கிறது என்று கேட்பதுண்டு. பாக்ஸ், ஆர்சி, ஆர்க் போன்ற நூலக வகைகளுக்கே ரஸ்ட்டின் நிலைப்பதிப்பில் (ஸ்டேபிள்) அந்த உரிமை உண்டு. நம்முடையவற்றுக்கு வழிவிடும் ரிசீவர் டிரெய்ட், இதை எழுதும்போது நைட்லி எனும் சோதனைப் பதிப்பில்தான் கிடைக்கிறது.

நிலைப்பதிப்பிலேயே முடிக்க வேண்டுமெனில், முதல் அளவுருவுக்குச் செல்ஃப் என்பதற்குப் பதில் திஸ் என்று பெயரிட்டு, நம் பாயிண்டரை அதன் வகையாகக் கொடுத்து, வகைப்பெயரை அடுத்து இரண்டு முக்காற்புள்ளி இட்டு அழைக்கலாம். ஆர்சியின் ஸ்ட்ராங் கவுண்ட் ஃபங்ஷனும் அப்படித்தான் அழைக்கப்படுகிறது. புள்ளி வைத்தே அழைக்க விரும்பினால் (எனக்கும் அதுவே பிடிக்கும்), தனி டிரெய்ட் ஒன்றை அறிவித்து, பாயிண்டர் வகைக்கே அதை இம்ப்ளிமென்ட் செய்யுங்கள். வேறு மாட்யூலிலிருந்து அழைக்கும்போது அந்த டிரெய்ட்டை யூஸ் வரியில் சேர்த்தாக வேண்டும்.