பன்றி முன்சப்பை: எண்ணெய் மேலே வரும்வரை

ரங்கூனில் கறி இன்னும் வீசைக் கணக்கில்தான். பர்மா வீசை ஒன்று ஏறக்குறைய 1.63 கிலோ. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாங்கள் நான்கு பேர் சாப்பிட அரை வீசை போதும், மறுநாள் காலைக்கும் கொஞ்சம் மிஞ்சும். கீழே சொல்லும் அளவெல்லாம் அந்த அரை வீசைக்கு, அதாவது சுமார் 800 கிராமுக்கு.

முதலில் கறியைப் பார்த்து வாங்க வேண்டும். பின்தொடை வாங்காதீர்கள். கொழுப்பில்லாத அந்தக் கறி ஒரு மணி நேரம் கொதித்தால் நார் நாராகிவிடும். வயிற்றுப் பக்கம் நாலு வாய்க்கு மேல் திகட்டும். நீண்ட நேரம் அடுப்பில் இருக்கப்போகிற கறிக்கு முன்னங்காலுக்கு மேலே இருக்கும் தோள்பக்கம், அதாவது முன்சப்பைதான் சரி. நாளெல்லாம் உடம்பைத் தாங்குகிற இடம் என்பதால் தசைக்குள் வெள்ளைச் சவ்வு நிறைய ஓடும். அவசரமாக வேகவைத்தால் அந்தச் சவ்வு ரப்பர் மாதிரி இருக்கும். இரண்டு மணி நேரம் சிறுதீயில் கிடந்தால் அதுவே உருகிக் குழம்பைப் பசையாக்கும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டிக்கொள்ளுமே, அதே பசைதான்.

நான் வழக்கமாக வாங்குகிற கடையில் ஒரு சீனப் பெண் இருக்கிறாள். நான் அவளை 'ஞீமலே' என்பேன், அவள் என்னை 'அமா' என்பாள். பர்மா மொழியில் தங்கச்சி, அக்கா என்கிற முறைதான். தோள்பக்கம் வேண்டுமென்றால் துண்டைப் புரட்டி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திக் காட்டுவாள். குழி உடனே மேலே எழும்ப வேண்டும். கொழுப்பு வெள்ளையாக இருக்க வேண்டும், மஞ்சள் தட்டியிருந்தால் வேண்டாம். தோலோடு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் தோல்மேல் மிச்சமிருக்கும் மயிரைத் தீயில் பொசுக்கி, கத்தியால் சுரண்டிக் கழுவினால் போதும். கொழுப்பைச் சீவி எறியாதீர்கள். குழம்புக்கு எண்ணெய் அதிலிருந்துதான் வரப்போகிறது.

இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். சிறிதாக வெட்டினால் கரைந்துவிடும். ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள் போட்டுப் பிசறி அரைமணி நேரம் வையுங்கள். அதற்குள் மூன்று பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, கட்டைவிரல் நீள இஞ்சி, ஊறவைத்த நான்கு காய்ந்த மிளகாய் எல்லாவற்றையும் உரலில் இடித்துக்கொள்ளுங்கள். மிக்ஸியில் அரைத்தால் வெங்காயம் தண்ணீர் விட்டு, வதங்க நேரமாகும்.

கனமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் மட்டும் ஊற்றுங்கள். இடித்ததைப் பச்சை வாசனை போய்ச் சிவக்கும்வரை வதக்கி, கறியைப் போடுங்கள். தண்ணீர் வேண்டாம், கறியே விடும். அந்தத் தண்ணீர் வற்றிக் கறி சட்டியில் லேசாகப் பிடிக்கத் தொடங்கும்போது, கறி மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றுங்கள். ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். மேலே ஒன்றிரண்டு குமிழிதான் வர வேண்டும், குதிக்கக் கூடாது. எங்கள் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் நான் கரி அடுப்பில்தான் வைக்கிறேன். பாதி சாம்பல் பூத்த கரி இந்தக் கறிக்கென்றே அமைந்த தீ.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்ற பரபரப்பில் பிரஷர் குக்கரில் வைத்து ஐந்து விசில் விட்டேன். கறி வெந்தது, ஆனால் தோல் தனியாக, கறி தனியாக, குழம்பு தண்ணீராகக் கிடந்தது. அன்றிலிருந்து இந்தக் கறிக்கு நான் குக்கரை எடுப்பதில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு துண்டை எடுத்துக் கரண்டிக் காம்பால் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போக வேண்டும், உள்ளே சிவப்பு கொஞ்சமும் இருக்கக் கூடாது. பன்றிக்கறியை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிற்றில் நாடாப்புழு வரலாம். பிறகு மூடியைத் திறந்து வற்றவிடுங்கள்.

இங்கேதான் பக்கத்தில் நிற்க வேண்டும். பர்மாக்காரர்கள் இதைச் 'சீப்யன்' என்கிறார்கள், எண்ணெய் திரும்பி வருவது என்று அர்த்தம். நாம் எண்ணெய் பிரிவது என்கிறோம். கண்ணைவிடக் காது முதலில் கண்டுபிடிக்கும். தண்ணீர் இருக்கும்வரை சட்டி தளதளவென்று கனத்த சத்தம் போடும். அது தீரத் தீரச் சத்தம் மெலிந்து, கடைசியில் சடசடவென்று பொரிகிற சத்தமாக மாறும். அப்போது கரண்டியால் கறியை ஒதுக்கினால் அடியில் செம்மஞ்சள் எண்ணெய் ஓடி வந்து குழியை நிரப்பும். அடுப்பை அணைக்க அதுதான் நேரம். அதற்கு முன்னால் இறக்கினால் வெங்காயம் பச்சையாக நாறும், தாண்டினால் அடிப்பிடிக்கும்.

இதுதான் அடிப்படைச் சட்டி. இதே தோள்கறியை எந்த ஊர்ப்பக்கமும் திருப்பலாம்.

சீனப் பக்கம் என்றால் தொடக்கத்தில் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைக் கருஞ்சிவப்பாகக் காய்ச்சி, கறியை அதில் புரட்டுங்கள். வெந்நீரோடு இரண்டு மேசைக்கரண்டி கறுப்பு சோயா சாஸும் ஒரு நட்சத்திர சோம்பும் சேருங்கள். உப்பைப் பாதியாகக் குறையுங்கள், மிளகாய் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

புளித்த மூங்கில் குருத்துக்கு இங்கே 'ம்யிச்சின்' என்று பெயர். 200 கிராம் வாங்கி இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். மிகவும் புளித்திருந்தால் ஒரு கொதி விட்டு வடித்துவிடுங்கள். கடைசி அரைமணி நேரத்தில் சேர்த்தால் குருத்து நறுக்கென்று இருக்கும். மழைக்காலத்தில் சுடுசோற்றுக்கு இது போதும், வேறொன்றும் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நடு பர்மாவில் இருக்கும் பாகன் பக்கத்துச் சமையல். அங்கே கொள்ளுப் பயறை வேகவைத்து, அந்தத் தண்ணீரைப் புளிக்கவைத்துக் கறுப்புக் களிம்பாகக் காய்ச்சுகிறார்கள். 'பொன்யேஜி' என்று பெயர். கொள்ளுத் தண்ணீரில் ரசம் வைக்கிற நமக்கு அந்த வாசனை அந்நியமே இல்லை. முதன்முதலில் டப்பாவைத் திறந்தபோது என் அம்மாவின் கொள்ளு ரசம்தான் நினைவுக்கு வந்தது. ரசம் பல மணி நேரம் வற்றி இறுகினால் எப்படி இருக்குமோ அப்படி. கறி முக்கால் பதம் வெந்ததும் இரண்டு மேசைக்கரண்டியை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். களிம்பிலேயே உப்பு இருக்கும், அதனால் ருசி பார்த்துவிட்டுத்தான் உப்பு. குழம்பு கருத்துத் தடித்து, புளிப்பும் உவர்ப்புமாக வரும். கொழுப்பின் திகட்டலை அந்தப் புளிப்பு எடுத்துவிடும். சாப்பிடும்போது பச்சை வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து பக்கத்தில் வையுங்கள்.

நம் வீட்டு மிளகுக்கறிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி மிளகு, இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒவ்வொரு தேக்கரண்டி சீரகம், சோம்பு எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். பாதியைக் கறியோடு வேகவிடுங்கள். மீதியை எண்ணெய் பிரிகிறபோது, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையோடும் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயோடும் போட்டுப் பிரட்டுங்கள். மிளகு எல்லாவற்றையும் முதலிலேயே போட்டால் காரம் மட்டும் நிற்கும், வாசனை போய்விடும்.

மிஞ்சியதை ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளைக் கொழுப்பு படிந்து, குழம்பு அடியில் கட்டியிருக்கும். அந்தக் கொழுப்பில் ஒரு கரண்டி எடுத்துத் தோசைக்கல்லில் தடவித் தோசை சுடுங்கள். குழம்பை நன்றாகக் கொதிக்கவிட்டு, கறியை விரலால் பிய்த்துப்போட்டு, தோசை மொறுமொறுப்பாக இருக்கும்போதே பரிமாறுங்கள்.