நீர்வண்ண நிலக்காட்சியில் மனநிலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாள் சுருங்குவது, நிறங்கள் கலங்கிச் சேறாவது போன்றவற்றைப் பழகப் பழக எவரும் தாமே திருத்திக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நிலக்காட்சிக்கு உணர்வூட்ட முயலும்போது, ஒரு காலத்தில் நான் செய்தவற்றையே புதியவர்களும் செய்கிறார்கள். அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சின்னத்தைக் கடைசியில் சேர்ப்பது

சோகத்திற்குப் பட்டமரம், தனிமைக்கு ஒற்றைப் படகு, நம்பிக்கைக்கு விளக்கொளி என்று, காட்சி முடிந்தபின் தேடிச் சேர்க்கும் வழக்கம் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் என்னுடன் அமர்ந்து வரைந்த மாணவர் ஒருவர், 300 ஜிஎஸ்எம் எடையுள்ள கனத்த பருத்தித் தாளில் அந்தி வானை அழகாகவே இறக்கியிருந்தார். எல்லாம் காய்ந்தபின் குடிசைக்குள் விளக்கு வேண்டுமென்று தோன்ற, மஞ்சள் போஸ்டர் கலரை வைத்தார்; அது ஒளிராமல் சுண்ணாம்புப் பொட்டாக நின்றது. அதைச் சுரண்டி, அடியிலிருந்த தாலோ நீலத்தையும் ஈரத் தூரிகையால் எடுக்க முயன்றார். இழைகளில் ஊறிப்பிடிக்கும் அந்த நிறம் போகவில்லை. தாள்தான் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. அந்தத் தாளின் விலை அறிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

விளக்கின் இடம் முதல் வாஷுக்கு (நீர்த்த நிறப் பூச்சுக்கு) முன்பே தாளின் வெண்மையாக ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆங்கில நீர்வண்ண ஓவியர் தாமஸ் கர்ட்டின் 1800இல் தீட்டிய செல்சி வெள்ளை வீட்டுக் காட்சியில், தேம்ஸ் கரையின் அந்தியொளி முழுவதும் அடக்கப்பட்டிருப்பதால்தான் அந்தச் சிறுவீடும் நீரில் அதன் நிழலும் நெஞ்சைத் தொடுகின்றன.

சங்க அகமரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். பறவையும் மரமும் கருப்பொருள். முல்லைக்கு மாலையும் நெய்தலுக்கு எற்பாடும் (பொழுது சாயும் நேரமும்) உரிய சிறுபொழுதுகள். நம்மவர்களோ கருப்பொருளை அள்ளிக் குவித்துவிட்டுப் பொழுதை மறந்துவிடுகிறார்கள். நீர்வண்ணத்தில் பொழுது என்பது ஒளியின் அளவுதான். ஆகவே உள்ளங்கை அளவுத் தாளில், பென்சிலால், வெளிச்சம், இடைநிலை, இருள் என்ற மூன்றே படிகளில் காட்சியை முதலில் பிரித்துப் பாருங்கள். சின்னம் எந்தப் படியில் நிற்கும் என்பது அங்கேயே முடிவாகிவிட வேண்டும்.

துயரத்திற்குக் குழாய்க் கறுப்பு

குழாயில் ஆயத்தமாக வரும் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறமே போதும்.

ஈரத்தில் இருளை மதிப்பிடுவது

காய்ந்ததும் நிறம் வெளுக்கும். கார்மேகம் வெறும் மங்கலாகிவிடும்.

மூடுபனிக்காக எல்லா விளிம்புகளையும் கரைப்பது

கூர்மையான விளிம்பு ஒன்றேனும் இல்லாவிட்டால் பனி தெரியாது, கசிவுதான் தெரியும். அந்த ஒரு விளிம்பைச் சின்னத்தின் அருகில் வையுங்கள். தாள் முற்றிலும் காய்ந்தபின் தீட்டுங்கள்.