பித்தளையா, முலாமா? காந்தத்தை வைத்துப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலோ வேறெந்தப் பழம்பொருள் கடையிலோ பித்தளை விளக்கு, சொம்பு, கதவுக் கைப்பிடி போன்றவற்றை வாங்கச் செல்லும்போது, பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு சிறு காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு, விலை பேசுவதற்கு முன்பே பொருளின் அடி, விளிம்பு, தண்டு ஆகிய இடங்களில் ஒட்டிப் பாருங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். இவ்விரண்டையும் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆகவே எங்கும் காந்தம் பற்றிக்கொண்டால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இரும்பு, மேலே தெரிவது வெறும் முலாம். தண்டில் மட்டும் ஒட்டினால் பொருளை ஒதுக்க வேண்டியதில்லை. பகுதிகளை இணைக்க உள்ளே இரும்புத் திருகாணி வைத்திருக்கலாம்.

காந்தம் ஒட்டவில்லை என்பதாலேயே அது பித்தளை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, ஏனெனில் அலுமினியத்தின் மீதோ துத்தநாக வார்ப்பின் மீதோ பூசிய முலாம் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அலுமினியத்தை எடைக் குறைவே காட்டிக்கொடுக்கும். துத்தநாக வார்ப்பாயின், அடிப்பக்கம் தேய்ந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பாத்திரத்தின் உட்புற வெண்மையை மட்டும் இதற்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள், அது ஈயப்பூச்சாக இருக்கலாம்.