அ முதல் வ வரை கேக்: எழுத்து விளையாட்டு ஆடுவது எப்படி?

ஒவ்வோர் எழுத்திலும் தொடங்கும் ஒரு கேக்கின் பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும் ஆட்டம் இது. மூன்று பேர் இருந்தாலே போதும், ஆறு பேர் என்றால் இன்னும் கலகலப்பு. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை ஆங்கில எழுத்து வரிசையிலும் ஆடலாம். எனக்குப் பிடித்தது தமிழ் எழுத்தில் ஆடுவதுதான். ஏன் என்று ப-வுக்கு வரும்போது தெரியும்.

படி 1: எழுத்துகளை எழுதுங்கள்

அ முதல் ஓ வரை எழுதுங்கள். ஊ வேண்டாம், ஆட்டம் அங்கேயே நின்றுபோகும். அப்புறம் க, ச, ட, த, ந, ப, ம, ய, ர, ல, வ. இலக்கணப்படி ட சொல்லின் முதலில் வராதுதான். ஆனால் மேலே பாதாம் அடுக்கிய ஸ்காட்லாந்தின் டண்டி கேக்கை எப்படி விடுவது? ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் கடைசியில் போனஸ்.

படி 2: எது கேக் என்று முடிவு செய்யுங்கள்

இதைப் பேசாமல் தொடங்கினால் பாதியில் சண்டை வரும். கப்கேக், சீஸ்கேக், பேன்கேக் எல்லாம் சேருமா? சீஸ்கேக்கை நான் சேர்ப்பேன், பேன்கேக்கைச் சேர்க்க மாட்டேன். இந்தச் சண்டை பிரிட்டனில் வரித் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது. அங்கே சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு வரி உண்டு, கேக்குக்குக் கிடையாது. ஜாஃபா கேக் என்பது சிறிய ஸ்பாஞ்சின் மேல் ஆரஞ்சு ஜெல்லி வைத்துச் சாக்லேட் பூசியது. 1991இல் அது இதில் எந்தப் பக்கம் என்ற வழக்கு வந்தது. பழசானால் பிஸ்கட் நமுத்துப்போகும், கேக் இறுகும். ஜாஃபா இறுகுகிறது என்பதும் கவனத்தில் வந்தது. கேக் என்றே தீர்ப்பானது.

படி 3: பெயரோடு ஒரு தகவல்

முதல் ஆள் அ-வில் ஒரு கேக் சொல்ல வேண்டும், அடுத்தவர் ஆ-வில். பத்து எண்ணுவதற்குள் வராவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்கு. பெயருக்கு ஒரு புள்ளி. அந்தக் கேக்கைப் பற்றி உண்மையான ஒரு விஷயம் சொன்னால் இன்னொரு புள்ளி. இந்த இரண்டாவது புள்ளியில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஓர் ஆட்டம் இப்படிப் போகும்:

“ஏ... ஏஞ்சல் ஃபுட் கேக்!”

“சரி, அதில் என்ன விசேஷம்?”

“முட்டையின் வெள்ளைக்கரு மட்டும்தான், வெண்ணெய் கிடையாது.”

“இரண்டு புள்ளி. அடுத்து ஐ.”

“ஐஸ்கிரீம் கேக்!”

ஒ-வில் திணறுகிறவர்களுக்கு ஒரு வழி: நம்மில் பலர் ‘ஒயிட்’ என்றுதானே எழுதுகிறோம், ஒயிட் ஃபாரஸ்ட் செல்லும்.

படி 4: ப வந்தால் நில்லுங்கள்

ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளுக்குப் பிரிந்துபோகும் கேக்குகள் தமிழில் ஒரே ப-வில் வந்து குவிகின்றன. பிளாக் ஃபாரஸ்ட், பட்டர், பிளம், பண்ட், பவுண்டு... அதனால் இங்கே மட்டும் ஓர் ஆள் மிஞ்சும்வரை சுற்றிச் சுற்றி ஆடுங்கள். பெயர் கிடைக்காதவர் விலக வேண்டும், கடைசியில் நிற்பவருக்கு ஐந்து புள்ளி. பவுண்டு கேக் சொன்னவரிடம் பெயர்க் காரணம் கேளுங்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், என்ற பழைய அளவிலிருந்து வந்த பெயர் அது.

மற்ற எழுத்துகள் வேகமாக நகரும். ல-வுக்கு ஆஸ்திரேலியாவின் லாமிங்டன், சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டியது. ய-வுக்கு மரக்கட்டை போலச் சுருட்டிய யூல் லாக். வ-வில் வெனிலா, வால்நட், வாழைப்பழம் என்று தாராளம்.

படி 5: போனஸ்

ஷிஃபான், ஸ்பாஞ்ச், ஹம்மிங்பேர்ட். யார் முதலில் சொன்னாலும் மூன்று புள்ளி.

சொன்ன பெயர்களையெல்லாம் அந்தந்த எழுத்துக்கு நேரே எழுதிக்கொண்டே வாருங்கள். தாளைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த முறை ஆடும்போது அதில் உள்ள எதுவும் செல்லாது.