பெங்களூரு குடிநீர்க் குழாய்க்கு டிஜிட்டல் ட்வின்: எங்கே சறுக்குகிறோம்?

தொரேகாடனஹள்ளியில் புறப்படும் காவிரித் தண்ணீர் அங்கேயும் ஹாரோஹள்ளி, தாதகுணியிலுமாக மூன்று இடங்களில் பம்ப் செய்யப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி, 500 மீட்டர் மேடேறி பெங்களூரு வருகிறது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் சேர்ந்தது: நாளுக்கு 77.5 கோடி லிட்டர். இப்படி ஏற்றிய தண்ணீர் தெருவுக்குள் எப்படிப் பிரிகிறது என்று டிஜிட்டல் ட்வின், அதாவது குழாய் வலையின் கணினி இரட்டை, செய்து பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான்.

முதல் சறுக்கல் பெயரிலேயே. குழாய் வரைபடத்தை எபாநெட்டில் (குழாய்களில் ஓட்டமும் அழுத்தமும் கணக்கிடும் மென்பொருள்) ஏற்றி ஒருமுறை ஓட்டினால் அது வெறும் மாதிரி. சென்சார் அளவுகள் வந்து அதைத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் ட்வின்.

பெரிய தவறு, தேவையைக் கணிப்பதில். காலை ஏழு மணிக்குக் குழாயடியில் கூட்டம் என்று பாடப்புத்தக வளைவைப் போட்டுவிடுகிறார்கள். இங்கே குடிப்பது மனிதர்கள் இல்லை, வீட்டு நிலத்தடித் தொட்டியான சம்ப்! முறைநாளில் வால்வு திறந்ததும் தெருவிலுள்ள எல்லா சம்ப்பும் ஒரே நேரத்தில் இழுக்கும். பள்ளத்து வீடு நிறைந்து மிதவை வால்வு மூடியபிறகுதான் மேட்டு வீட்டுக்கு அழுத்தம் கிடைக்கும். எபாநெட்டோ, நாம் மாற்றாதவரை, கேட்ட தண்ணீர் கிடைத்தே தீரும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். அழுத்தத்துக்கேற்ற விநியோகம் 2020-இல் வந்த 2.2 பதிப்பில் இருக்கிறது. நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது வால்வு. அல்சூரில் எங்கள் தெருமுனை வால்வு வரைபடத்தில் முழுக்கத் திறந்திருந்தது, மண்ணுக்குள் பாதி மூடியிருந்தது. "அதை முழுசா திறந்தா மேல் தெருவுக்கு ஏறாதுங்க சார்" என்றார் வால்வுக்கார அண்ணன். எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லாத தகவல். அதைக் கேட்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? அழுத்தத்தை அளக்கும் கேஜ் குறைவாகக் காட்டியதும் குழாய்க்குள் துரு என்று முடிவுகட்டி, குழாயின் வழவழப்பைச் சொல்லும் ஹேசன்-வில்லியம்ஸ் எண்ணை 130-லிருந்து 100-க்கு இறக்குகிறார்கள். அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு 63 சதவீதம் கூடி, கணக்கு அழகாகப் பொருந்திவிடும். நாளை அண்ணன் வால்வைத் திறந்தால் மாதிரி திருதிருவென விழிக்கும். அதனால் திருத்தப் பயன்படுத்தாத ஒருநாள் அளவைத் தனியே எடுத்துவைத்து, அதோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேஜின் உயரமும் கவனம். குழிக்குள் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருப்பதைத் தெருமட்டம் என்று பதிந்தால் அழுத்தத்தில் 0.15 பார் பிழை. தெருவில் மொத்தமே அரை பார் வரும் நாளில் அது சில்லறை இல்லை.