மேடையில் ஓர் அறை: கையும் கன்னமும், அதற்குப் பின்னும்

மேடையில் கன்னத்தில் விழும் ஓர் அறையை நம்பவைப்பவர் அந்த அடியை வாங்குபவர்தான். அவர் தலை எப்போது திரும்புகிறது, மூச்சு எங்கே தடைபடுகிறது என்பதைப் பார்த்துத்தான் அரங்கம் பதறுகிறது. அதனால் ஒத்திகையை அவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் தயாரில்லாமல் எதிராளி கை ஓங்கவே கூடாது.

அடிப்பவரின் முதுகு பார்வையாளர் பக்கம், வாங்குபவர் அவருக்கு நேர் எதிரே. கைக்கும் கன்னத்துக்கும் ஒரு சாண் இடைவெளி; நேரே பார்க்கும்போது அது தெரியாது. ஓரத்து இருக்கைகளுக்குத் தெரியும், போய் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். கண்ணும் கண்ணும் சந்திக்க வேண்டும், ஓங்க வேண்டும், கை முகத்துக்கு முன்னால் கடந்து போக வேண்டும். கடக்கும் அதே நொடியில் அடிப்பவர் தன் இடது கையால் மார்பில் தட்டிச் சத்தம் எழுப்புவார், வாங்குபவரின் தலை திரும்பும். தலை முந்தினால் பொய் அம்பலம், சத்தம் பிந்தினால் சிரிப்பு. முதலில் கால்பங்கு வேகத்தில் பழகுங்கள். காட்சியன்றும் முக்கால் வேகத்தைத் தாண்ட வேண்டாம். விபத்து பெரும்பாலும் வருவது, உணர்ச்சிவேகத்தில் ஒருவர் அரை அடி முன்னால் நகர்ந்துவிடும்போதுதான்.

முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியில், இழுப்பவர் மூடிய கைமுட்டியை எதிராளியின் தலைமேல் வைத்தால் போதும். இழுபடுபவர் அந்த மணிக்கட்டை இரு கைகளாலும் தன் தலையோடு அழுத்திக்கொண்டு தானே நகர்வார். கழுத்தை நெரிப்பதென்றால் கை தொண்டையில் படவே கூடாது, கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் காறை எலும்பின்மேல்தான்.

இனிதான் கடினமான பகுதி. அடித்தவர் உடனே அழுதால் குற்றவுணர்வு மலிவாகிவிடும். மன்னிப்பை அவரே பார்வையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது போல ஆகிறது. ஐந்து நொடி வசனமில்லாமல் விடுங்கள். அந்தக் கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியக் கூடாது: பாதி மடங்கிய விரல்கள், சட்டையில் ஒருமுறை துடைப்பு, பிறகு அதே கையால் ஒரு தம்ளரை எடுக்கப்போய் நிறுத்துவது. மேடையில் மூன்றாம் ஆள் இருந்தால் அவரைத் தலைகுனிய வைக்காதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தொடர்ந்து சாப்பிடட்டும். கொடுமையின் முழுக் கனமும் அந்த வாயசைவில் இறங்கும்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், ஒப்பனைக்குப் பிறகு, அதே உடையில், அதே வெளிச்சத்தில், அடிதடிப் பகுதியை மட்டும் இருமுறை ஓட்டிப் பாருங்கள். திரை விழுந்ததும் இருவரும் ஒருவரையொருவர் சொந்தப் பெயர் சொல்லி அழைத்து, வலி ஏதும் உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும்.